நாலு மெயில் ஐடி, ஒரே இன்பாக்ஸ்: கம்ப்யூட்டருக்கு எந்த மெயில் ஆப் சரி?

தி.நகரில் ஆபிஸ், மயிலாப்பூரில் வீடு, அடையாறு கிளையன்ட்டுக்கு வார இறுதியில் ஃப்ரீலான்ஸ் வேலை. இப்படி ஓடுபவர்களுக்கு மூன்று, நான்கு மெயில் ஐடி சாதாரணம். பிரவுசரில் அத்தனை டேப். அவசரத்தில் ஃப்ரீலான்ஸ் கொட்டேஷன் ஆபிஸ் ஐடியில் இருந்து போய்விட்டால்? வேலைக்கே வேட்டு!

மற்ற ஐடிகளுக்கு வரும் மெயிலை 'பாப்' முறையில் ஜிமெயிலுக்குள் இழுத்துக்கொள்வதுதான் பலரின் குறுக்குவழியாக இருந்தது. 2026-ல் இருந்து இந்த வசதியைக் கைவிடுவதாக கூகுள் அறிவித்துவிட்டது. போனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் மற்ற ஐடிகளைச் சேர்க்கலாம். கம்ப்யூட்டருக்குத்தான் வேறு வழி வேண்டும்.

முதலில் இதைப் பாருங்க: மெயில் எங்கே இருக்கும்?

'பாப்' முறையில் மெயில் ஒரு கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். செட்டிங்ஸைப் பொறுத்து சர்வரில் இருந்து அழிந்தும் போகலாம். 'ஐமேப்' முறையில் அசல் சர்வரிலேயே இருக்கும். போனில் படித்தால் லேப்டாப்பிலும் படித்ததாகக் காட்டும். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். லேப்டாப் தண்ணீரில் போனாலும் மெயில் போகாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள்.

எது யாருக்கு?

தண்டர்பேர்ட்: இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எல்லா இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும். பல ஐடி வைத்திருப்பவர்கள் இதில் இருந்து தொடங்கலாம்.

புதிய அவுட்லுக்: விண்டோஸின் பழைய மெயில் ஆப்புக்கான சப்போர்ட் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதன் இடத்தில் வந்தது இது. பார்க்க எளிமைதான். ஆனால் இதில் ஜிமெயிலைச் சேர்த்தால், அந்த மெயில்களின் நகல் மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கும் போகும். சம்மதமா என்று யோசித்துவிட்டு 'ஓகே' அழுத்துங்கள்.

ஆப்பிள் மெயில்: மேக் வைத்திருந்தால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதையே பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஜோஹோ ஐடி வைத்திருக்கிறீர்களா? நம்ம சென்னை நிறுவனம் என்பதால் சிறிய கம்பெனிகள் பலவற்றின் மெயில் இதில்தான். அதன் இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது. எனவே தண்டர்பேர்டில் சேர்க்க முடியாது. கட்டணத் திட்டம் வேண்டும்.

சேர்க்கும் முன்

ஆபிஸ் ஐடியை வெளி ஆப்பில் சேர்க்க அனுமதி உண்டா என ஐடி டீமிடம் கேளுங்கள். சொந்த லேப்டாப் என்றால் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு ஐடிக்கும் தனி சிக்னேச்சர் வையுங்கள். எந்த ஐடியில் எழுதுகிறோம் என்பது கண்ணில் படும்.

பதில் அனுப்பும்போது, மெயில் வந்த ஐடியையே ஆப் எடுத்துக்கொள்ளும். புது மெயில் எழுதும்போதுதான் சிக்கல்: டீஃபால்ட் ஐடி வந்து நிற்கலாம். 'சென்ட்' அழுத்தும் முன் 'ஃப்ரம்' வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.