கிளட்சைக் கெடுக்கும் காற்றுக் குமிழி

வேனிலோ ஜீப்பிலோ ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்திருப்பீர்கள். அப்போது அவருடைய இடது கால் என்ன செய்கிறது என்று கவனித்ததுண்டா? ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அந்தக் கால் ஒரு மிதியை அழுத்துகிறது. கியர் விழுந்தபின் மெல்ல விடுகிறது. அதுதான் கிளட்ச் மிதி.

சில வண்டிகளில் ஒரு கோளாறு வரும். ஓட்டுநர் மிதியை அடிவரை அழுத்துவார். ஆனால் கியர் விழாது. கரகரவென்று பல்லைக் கடிக்கும் ஓசைதான் கேட்கும். மிதியும் பஞ்சை மிதிப்பது போல் இருக்கும். கிளட்சை முழுவதும் மிதித்து நிறுத்தியிருக்கும்போதே வண்டி தானாக முன்னே நகரப் பார்க்கும். முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருப்பவர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைக் கண்ட பட்டறைக்காரர் பல சமயங்களில் சொல்வது ஒரே சொல்தான்: "ஏர் பிடித்திருக்கிறது." குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்று புகுந்துவிட்டதாம்! சுண்டைக்காய் அளவு காற்று ஒரு வண்டியையே முடக்க முடியுமா? முடியும். எப்படி என்பதை உங்கள் பௌதிகப் பாடத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

கிளட்சின் வேலை

எஞ்சின் ஓடும்போது அதன் முனையில் உள்ள கனத்த சக்கரமும் சுழன்றுகொண்டே இருக்கும். இந்தச் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டு செல்வது கிளட்ச் தட்டு. வலிமையான வில் ஒன்று இத்தட்டைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. கியர் மாற்ற வேண்டுமானால் இரண்டையும் சற்று நேரம் பிரிக்க வேண்டும். பிரியவேண்டிய இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில்தான். ஆனால் அந்தச் சிறு இடைவெளி கிடைக்காவிட்டால் தட்டு சக்கரத்தோடு உராய்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதும்.

காலின் அழுத்தத்தைத் தட்டு வரை கொண்டு செல்வது எப்படி? பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இதற்கு ஒரு கம்பி போதும். கார், ஜீப் போன்ற பல வண்டிகளில் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மினி' கார் நல்ல எடுத்துக்காட்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தச் சிறிய காரில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருந்தது; ஓடும்போது ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டும் இருந்தது. மிதியையும் ஆடும் எஞ்சினையும் விறைப்பான தண்டால் இணைப்பது எளிதன்று. திரவம் நிறைந்த வளையும் குழாயோ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும், ஆடினாலும் கவலையில்லை.

இந்த அமைப்பில் இரண்டு உருளைகள் உண்டு. மிதியோடு இணைந்தது மாஸ்டர் சிலிண்டர். கிளட்ச் அருகில் இருப்பது சிலேவ் சிலிண்டர். இரண்டிலும் பிஸ்டன்கள் உள்ளன. அவற்றின் ஓரத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கிண்ணங்கள். இரண்டையும் இணைப்பது மெல்லிய குழாய். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே திரவம் ஊற்றி வைக்கும் சிறு தொட்டி. 'பிரேக் ஆயில்' என்று கடைகளில் விற்கும் திரவந்தான் பெரும்பாலும் இங்கும் பயன்படுகிறது.

இரண்டு விதிகள் சந்திக்கின்றன

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கங்களுக்கும் பரவும் என்பது பாஸ்கல் விதி. பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இதுபற்றி எழுதிய நூல் அவர் மறைந்தபின் 1663-இல் வெளிவந்தது. இவ்விதியைக் கொண்டு ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-இல் நீரியல் அழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். நம் கிளட்ச் அந்தப் பொறியின் பேரப்பிள்ளை எனலாம்.

பாஸ்கல் மறைந்தது 1662-இல். அதே ஆண்டில்தான் ராபர்ட் பாயில் தம் பெயரால் வழங்கும் விதியை வெளியிட்டார். வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு அதன் பருமன் குறையும். கிளட்ச் குழாயில் திரவம் மட்டும் இருக்கும்வரை பாஸ்கலின் விதி ஒன்றே போதும். காற்று புகுந்துவிட்டால் பாயிலும் வந்து சேர்ந்துகொள்கிறார்!

ஒரு சிறு கணக்கு

கணக்குக்கு எளிதான எண்களை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 2 சதுர செ.மீ. மிதியை அடிவரை அழுத்தினால் அது 2.5 செ.மீ. நகர்கிறது. அப்படியானால் 2 × 2.5 = 5 கன செ.மீ. திரவம் குழாய் வழியே தள்ளப்படும். சிலேவ் பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. எனில் அது 5 ÷ 4 = 1.25 செ.மீ., அதாவது 12.5 மி.மீ. நகரும். தட்டு பிரிவதற்கு 11 மி.மீ. போதும் என்று கொள்வோம். எனவே எல்லாம் சரியாக நடக்கிறது.

இனி அழுத்தத்தைப் பார்ப்போம். கால் கொடுக்கும் விசை 80 நியூட்டன். மிதி ஒரு நெம்புகோல் அல்லவா? அது விசையை 5 மடங்காக்கி 400 நியூட்டனாகப் பிஸ்டனுக்குக் கொடுக்கிறது. 2 சதுர செ.மீ. பரப்பில் 400 நியூட்டன் என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 200 நியூட்டன். வளிமண்டல அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 10 நியூட்டன். ஆகவே குழாய்க்குள் ஏற்படுவது வளிமண்டல அழுத்தத்தைவிட 20 மடங்கு கூடுதல். வெளிக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் மொத்தம் 21 மடங்கு.

இந்த அழுத்தத்தில் திரவம் எவ்வளவு சுருங்கும்? நீரை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். பிரேக் ஆயிலும் அதே போலத்தான். அமைப்பில் 50 கன செ.மீ. திரவம் இருந்தால் சுருக்கம் 0.05 கன செ.மீ. இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அதே குழாயில் 2 கன செ.மீ. காற்று இருக்கிறது என்று வையுங்கள். பாயில் விதிப்படி அது 2 ÷ 21, அதாவது சுமார் 0.1 கன செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். மாஸ்டர் பிஸ்டன் தள்ளிய 5 கன செ.மீ.யில் 1.9 கன செ.மீ. காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிட்டது. மீதி 3.1. இதை 4-ஆல் வகுத்தால் 7.75 மி.மீ. நமக்கு வேண்டியதோ 11 மி.மீ.! தட்டு பிரியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "காற்று புகுந்தால் அழுத்தம் பரவாது" என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. குமிழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தம் ஒன்றே. பாஸ்கல் விதி கெடவில்லை. குமிழி விழுங்குவது நகர்வை. கால் நகர்ந்த தூரத்தின் ஒரு பங்கு சிலேவ் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. மிதி பஞ்சுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

கோளாறு காற்றுதானா?

கியர் விழாததற்குக் காற்று மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவர் நாடி பார்ப்பது போல மிதியைச் சோதித்துக் கண்டறிய வேண்டும்.

மிதி பஞ்சுபோல் இருக்கிறது. நான்கைந்து முறை விரைவாக மிதித்து விட்டால் இறுகுகிறது, கியரும் விழுகிறது. சற்று நேரம் விட்டுவிட்டால் பழையபடி ஆகிவிடுகிறது. இது பெரும்பாலும் காற்றின் வேலை. விரைவாக மிதித்து விடும்போது மாஸ்டர் பிஸ்டன் சட்டென்று திரும்புகிறது. குழாயில் உள்ள திரவம் அவ்வளவு விரைவில் திரும்பி வர முடிவதில்லை. அந்த இடத்தை நிரப்பத் தொட்டியிலிருந்து சிறிது திரவம் இறங்குகிறது. அடுத்த மிதிப்பில் அதுவும் சேர்ந்து தள்ளப்படுவதால் குமிழியால் ஏற்பட்ட இழப்பு ஈடாகிறது. காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தால் கூடுதல் திரவம் தொட்டிக்கே திரும்பிவிடும்.

மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், ரப்பர் கிண்ணம் தேய்ந்து திரவம் கசிகிறது என்று பொருள். தொட்டியில் திரவம் நாளுக்கு நாள் குறைந்தால் கசிவு வெளியே இருக்கிறது. குழாய் இணைப்பிலோ சிலேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளோ ஈரம் தெரியும். மிதி நன்றாக இறுகியிருந்தும் கியர் விழாவிட்டால்தான் தட்டு, வில், நெம்பி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வரிசை ஏன் முக்கியம்? எங்கள் கல்லூரிக்கு மாணவர்களை ஏற்றி வரும் வேன் ஒன்றில் இதே கோளாறு வந்தது. ஒரு பட்டறையில் கியர் பெட்டியைக் கழற்றி இறக்கிக் கிளட்ச் தட்டையே புதிதாக மாற்றிவிட்டார்கள். சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கும் அந்த ஓட்டுநருக்கு ஐந்து நாள் வருமானமும் போயிற்று. தட்டின் விலையும் போயிற்று. ஒரு வாரத்தில் கோளாறு மீண்டும் வந்தது. வேறொரு பட்டறையின் வயதான மெக்கானிக் மிதியை நான்கு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு குனிந்து சிலேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் தூக்கினார். உள்ளே ஈரம். ரப்பர் கிண்ணத்தை மாற்றிக் காற்றை எடுத்தார், வேலை முடிந்தது. அவர் பாயில் விதியைப் படித்தவர் அல்லர். ஆனால் அந்த விதியின் நடத்தையைத் தம் காலால் அறிந்தவர்.

காற்று எப்படி உள்ளே போகிறது?

தொட்டியில் திரவம் மிகக் குறைந்துவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தோடு காற்றையும் இழுத்துக்கொள்ளும். தேய்ந்த ரப்பர் கிண்ணம் வழியாகவும் நுழையலாம். மிதி சட்டென்று திரும்பும்போது குழாய்க்குள் ஒரு கணம் அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. குழாயைக் கழற்றிப் பூட்டும் எந்த வேலைக்குப் பிறகும் காற்று உள்ளே தங்குவது இயல்பு.

நான்காவது வழி விந்தையானது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. 'டாட் 3' வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்ட நிலைக்கு அந்த வரம்பே 140 டிகிரிதான். 'டாட் 4' வகைக்கு இந்த எண்கள் 230, 155. சூடான புகைக்குழாய்க்கு அருகில் செல்லும் குழாயில் பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகலாம். ஆகவேதான் தயாரிப்பாளர் குறித்த காலத்தில் திரவத்தை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

காற்றை வெளியேற்றுதல்

சிலேவ் சிலிண்டரில் ஒரு சிறு திருகு உண்டு. நடுவில் துளையுள்ள இந்தத் திருகைத் தளர்த்தினால் திரவம் வெளியேறும். அதில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துவார்கள். இந்த வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிப்பார். மற்றவர் திருகைத் தளர்த்துவார். பாட்டிலில் குமிழிகள் வரும். திருகை இறுக்கிய பிறகே மிதியை விடச் சொல்வார். வரிசை மாறி மிதியை முதலில் விட்டால், வெளியேறியது திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். குமிழி வருவது நிற்கும்வரை இப்படியே தொடர வேண்டும். தொட்டியில் திரவம் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றினால் எல்லாம் முதலிலிருந்து!

சில வண்டிகளில் எத்தனை முறை செய்தாலும் காற்று போகாது. ஏன்? குமிழியின் இயல்பு மேலே ஏறுவது. நாமோ அதைக் கீழேயுள்ள சிலேவ் சிலிண்டருக்குத் தள்ளப் பார்க்கிறோம். குழாய் எங்காவது மேடாக வளைந்திருந்தால் குமிழி அந்த மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது திரவத்தைக் கீழ்த் திருகிலிருந்து மேல் நோக்கிச் செலுத்துவார்கள். குமிழி தன் இயல்பான வழியிலேயே தொட்டிக்கு ஏறிப் போய்விடும்.

திரவத்தை டப்பாவோடு குலுக்கி ஊற்றவும் கூடாது. குலுக்கினால் நுண்ணிய குமிழிகள் உண்டாகும். மிகச் சிறு குமிழிகளின் ஏறும் வேகம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் வேகம் கால் பங்குதான். பொடிக் குமிழிகள் வெளியேற நெடுநேரமாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஊசி நீக்கிய இரண்டு புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை வாங்குங்கள். ஒன்று 5 மி.லி., மற்றொன்று 10 மி.லி. இரண்டையும் சிறு பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, நீருக்குள் அமிழ்த்திக் காற்றில்லாமல் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். அடுத்து 2 மி.லி. காற்றை உள்ளே விட்டு அழுத்துங்கள். ஏமாற்றம்! இப்போதும் ஏறத்தாழ முன்போலவே நகர்கிறதே?

இனி உங்கள் நண்பன் மறுமுனையைக் கட்டைவிரலால் நன்றாக எதிர்த்துப் பிடிக்கட்டும். இப்போது நீங்கள் அழுத்தினால் முதலில் குமிழிதான் சுருங்கும். பிறகுதான் மறுமுனை அசையும். எதிர்ப்பு இல்லாத இடத்தில் அழுத்தம் உயராது. அழுத்தம் உயராவிட்டால் காற்று சுருங்காது. கிளட்சில் அந்த எதிர்ப்பைக் கொடுப்பது தட்டை இறுக்கும் வில்.

ஓர் எச்சரிக்கை: இந்தச் சோதனைக்கு நீர் போதும். பிரேக் ஆயிலைத் தொட வேண்டாம். அது கண்ணுக்குத் தீங்கானது. வண்டியின் வண்ணப் பூச்சையும் அரித்துவிடும்.

வண்டியின் பிரேக்கிலும் இதே போன்ற உருளைகளும் திரவமும்தான் பல வண்டிகளில் வேலை செய்கின்றன. கிளட்சில் காற்று இருந்தால் கியர் முனகும். பிரேக்கில் இருந்தால், மலைப்பாதை இறக்கத்தில் மிதி தரையைத் தொட்டபின்னும் வண்டி நிற்காது. எனவே உங்கள் வீட்டு வண்டியிலோ பள்ளி வேனிலோ மிதி பஞ்சுபோல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல் அன்றே சோதிக்கச் சொல்லுங்கள்.

இறுதியாக ஒரு கேள்வி. மேலே கண்ட கணக்கில் தட்டு பிரிவதற்கு 11 மி.மீ. வேண்டும், கிடைப்பது 12.5 மி.மீ. அப்படியானால் கிளட்ச் வேலை செய்வதற்கு அதிக அளவாக எத்தனை கன செ.மீ. காற்றுவரை பொறுத்துக்கொள்ளலாம்? விடை ஒரு கன செ.மீ.யை விடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.