உங்களுக்குத் தெரியுமா? – படபடப்பைக் குணப்படுத்த முடியும்

● சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 150-க்கு மேல் துடிக்கிறது. வந்ததுபோலவே சட்டென நின்றும்விடுகிறது. இது ‘எஸ்விடி’ என்னும் இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். பெண்கள் சொன்னால் மட்டும், “மனசைப் போட்டுக் குழப்பிக்காதே” என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். அது பெரிய அநியாயம்.

● துடிப்பைத் தொடங்கிவைப்பது இதயத்தின் வலது மேலறையிலுள்ள சிறு திசு முடிச்சு. ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் 1907-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். ஃபிளாக் அப்போது மருத்துவ மாணவர். அவர் கண்ணில் அது முதலில் பட்டது ஓர் அகழெலியின் இதயத்தில்!

● அந்த முடிச்சில் பிறக்கும் மின்சாரம் கீழறைகளுக்கு இறங்க ஒரே வழிதான் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு வழியும் இருந்துவிடும், வரப்பில் நண்டு வளை விழுந்ததுபோல. கீழே போன மின்சாரம் அதன் வழியே மேலேறி, சுற்றிச் சுற்றி வரும். வளையை அடைப்பதுதான் ‘அப்லேஷன்’. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கதீட்டரை இதயத்துக்குள் செலுத்தி, அதன் முனையால் கோளாறான இடத்தை மட்டும் 50, 60 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். சில மில்லிமீட்டர் திசு செயலிழக்கும், அவ்வளவுதான். நெஞ்சைத் திறப்பதில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும். எஸ்விடி நோயாளிகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் குணமாகிறார்கள். இயல்பான மின்பாதை சேதமாகி பேஸ்மேக்கர் தேவைப்படும் ஆபத்தும் உண்டு; ஆனால் அது அரிது.

● வயதானவர்களுக்கு அதிகம் வரும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் துடிப்புக் கோளாறு வேறு கதை. அதில் இவ்வளவு உறுதி சொல்ல முடியாது; அப்லேஷனை இரண்டாம் முறை செய்யவும் நேரலாம்.

● படபடப்பு நின்றபின் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் துடிக்கும்போதே ஓடுங்கள்! தாராசுரத்துக்காரர்களுக்குக் கும்பகோணம் அரசு மருத்துவமனை நான்கைந்து கிலோமீட்டர்தான். அந்த ஈசிஜி தாளை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்; சிகிச்சையை முடிவு செய்யப்போவது அதுதான். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

● அப்லேஷன் பணக்காரர்களுக்கு மட்டுமான வைத்தியம் இல்லை. 1664-ல் கோட்டைக்குள் சிறிதாகத் தொடங்கி, இன்று ராஜீவ் காந்தி பெயரில் இயங்கும் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் செய்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இதயப் பிரிவுக்கு அட்டையையும் ஈசிஜியையும் எடுத்துப்போய், “எனக்கு அப்லேஷன் தேவைப்படுமா, எங்கே செய்துகொள்ளலாம்?” என்று நேராகவே கேளுங்கள்.