இரவல் தறியும் சொந்தத் தறியும்: பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிப்பொறிக் கருவிகள்

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராய் இருப்போர் யாவரும் ஒரு விஷயத்தை அனுபவத்தில் அறிவர். ஒருவர் மனமுவந்து இரவலாகக் கொடுத்த தறி வேறு. சங்கத்துக்கென்று சொந்தமாக உள்ள தறி வேறு. இரண்டிலும் துணி நெய்யலாம். இரண்டுக்கும் வாடகை இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் இரவல் கொடுத்தவர், பாவு பாதி ஓடிக்கொண்டிருக்கையிலேயே வந்து தறியைக் கேட்டால் நாம் மறுப்பதற்கில்லை. இன்று நம் பிள்ளைகளின் படிப்புக்கென்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் காசின்றிக் கிடைக்கும் கருவிகள் அநேகம். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் உபாத்தியாயர்களும் பெற்றோரும் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதியன்றுதான் திரும்பவும் வகுப்பறைக்குள் கால் வைத்தார்கள். இடையில் ஏறக்குறைய 19 மாதங்கள். அக்காலத்தில் பாடம் கைப்பேசி வழியாக வந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே கைப்பேசி. நூல் வந்ததா என்று சங்கத்துக்குப் பேசுவதற்கும் அதுதான். சந்தையில் தக்காளி என்ன விலை என்று கேட்பதற்கும் அதுதான். மூன்று பிள்ளைகள் பாடம் கேட்பதற்கும் அதுதான். தந்தை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால் அன்றைய பள்ளிக்கூடமும் அவருடன் வயலுக்குப் போயிற்று. கருவி இலவசம்தான். ஆனால் அது வேலை செய்வதற்கு ஒவ்வொரு நாளும் இணையத் தொடர்பு வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், கோபுரத்திலிருந்து அலை வரவேண்டும். இம்மூன்றும் இல்லாத வீட்டுக்கு அந்த இலவசம் எட்டவில்லை.

எட்டியவர்களுக்கும் வேறொரு சங்கடம் நேர்ந்தது. நோய்க்காலத்தில் உலகெங்கும் ஆசிரியர்கள் பெரிதும் பயன்படுத்திய கருவிகளுள் கூகுள் நிறுவனத்தின் ‘ஜாம்போர்டு’ என்ற எழுதுபலகையும் ஒன்று. 2024 டிசம்பர் 31-ஆம் நாளுடன் அந்நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. மாணவர்கள் தங்கள் பேச்சைப் படம்பிடித்து ஆசிரியருக்கு அனுப்ப உதவிய ‘பிளிப்’ என்ற கருவியை மைக்ரோசாப்டு நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் தனிச் சேவையாக நடத்துவதை நிறுத்திற்று. முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் நிறுத்தினார்கள். அதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. தறி அவர்களுடையது, எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் அவற்றில் பாடம் தயாரித்து வைத்திருந்த ஆசிரியர்கள், தங்கள் வேலையைப் பெயர்த்தெடுத்து வேறிடம் தேடவேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் உண்டு. நெசவாளர்களுக்கு அதை விளக்கவேண்டிய அவசியமே இராது. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் ‘ஓப்பன் ஆபீஸ்’ என்ற மென்பொருள் தொகுதியைச் சன் என்ற அமெரிக்க நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் என்ற மற்றொரு பெரிய நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. புதிய முதலாளி இதை எப்படி நடத்துவாரோ என்ற ஐயம் அதில் உழைத்துவந்தவர்களுக்கு எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களுள் பலர் பிரிந்து, தங்களுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தி, அதே மென்பொருளை ‘லிப்ரே ஆபீஸ்’ என்ற புதிய பெயரில் நடத்தலாயினர். இன்றும் அது நடந்துவருகிறது. மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்தவர்கள் பிரிந்துவந்து சங்கம் கண்ட கதைதான் இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர்கள் வரும்போது தறியையும் கூடவே கொண்டுவர முடிந்தது.

எப்படி முடிந்தது என்று கேட்கலாம். அந்த மென்பொருள் வெளியிடப்பட்ட உரிமப் பத்திரம் அவ்வாறு அமைந்திருந்தது. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். மென்பொருளை எவரும் எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம். அது எவ்வாறு வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பிரதியெடுத்து அண்டை அயலாருக்குக் கொடுக்கலாம். திருத்தி, திருத்தியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளே அந்த இயக்கத்தின் உபவிதிகள். இவ்வகை மென்பொருளைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறார்கள். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2001-ல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டம் நாளடைவில் முழுவதும் இவ்வகை மென்பொருளுக்கே மாறிவிட்டது. அங்கே ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, மலையாளத்திலேயே பாடப்புத்தகமும் எழுதிக் கொடுத்தார்கள். வெற்றிக்கு அதுவே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, நம் பிள்ளைகளுக்கு எவை உதவும் என்று பார்ப்போம். எல்லாவற்றையும் அடுக்கினால் பட்டியலாகிவிடும். நெசவாளர், விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைக்கு அணுக்கமாக உள்ள சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கணிப்பொறி என்றவுடன் அது எங்கோ பிறந்த அந்நிய வஸ்து என்று நம்மில் பலர் ஒதுங்குகிறோம். உண்மை அப்படியன்று. பட்டுத் தறியின் மேலே ஏற்றியிருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே செல்கிறது, கொக்கி பிடிபடுகிறது, பாவு இழை மேலே எழுகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்படுகிறது, இழை கீழேயே நிற்கிறது. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சொற்களால் மயிலும் அன்னமும் சேலையில் எழும்புகின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்கார்டு 1804-ல் இந்த அமைப்பை உருவாக்கினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்குக் கட்டளையிட இந்த அட்டைகளையே தேர்ந்தெடுத்தார். இன்றைய கணிப்பொறியும் உண்டு, இல்லை என்ற அந்த இரண்டு சொற்களைக்கொண்டே வேலை செய்கிறது. அட்டை கட்டுபவர் வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தெரிந்ததை நினைவூட்டினால் போதும்.

அவ்வாறு நினைவூட்டுவதற்கு ஏற்ற கருவி ‘ஸ்கிராட்ச்’ என்பது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தார் 2007-ல் வெளியிட்டது. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அவை கட்டளைகளாகின்றன. ‘பத்தடி நட, திரும்பு, இதையே நான்கு முறை செய்’ என்று அடுக்கினால் திரையில் ஒரு சதுரம் விழும். ஒரு சிறுமி சதுரத்தைச் சற்றே திருப்பித் திருப்பிப் போடச் சொன்னால் பூ ஒன்று மலரும். இதைக் கணிப்பொறியில் ஒரு முறை ஏற்றிக்கொண்டால் பிறகு இணையம் வேண்டா.

கணிதத்துக்கு ‘ஜியோஜீப்ரா’ இருக்கிறது. ஆஸ்திரியா நாட்டு மாணவர் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தம் பட்டப்படிப்பு ஆய்வுக்காகத் தொடங்கியது இது. சமச்சீர் என்ற பாடத்தைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட, சேலைக் கரையின் மாங்காய்ப் புட்டாவில் பாதியைத் திரையில் வரையச்சொல்லி, நடுவே ஒரு கோடு போட்டு, மறுபாதியைப் பிரதிபலிக்கச் செய்தால் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோட்டைச் சற்று நகர்த்தினால் இரு பாதிகளும் எப்படி விலகுகின்றன, எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்பதும் கண்முன் தெரியும். ஆனால் ஒன்று சொல்லிவைக்கவேண்டும். ஜியோஜீப்ரா வணிக நோக்கமில்லாதவர்க்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது. பள்ளிக்குப் போதும், முழுச் சொந்தம் அன்று.

விஞ்ஞானச் சோதனைச் சாலை இல்லாத பள்ளிகளுக்குப் பெரும் உதவியாக இருப்பது ‘பெட்’ என்ற தொகுப்பு. 2001-ல் பௌதிகத்துக்காக நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். மின்கலம், கம்பி, விளக்கு ஆகியவற்றைத் திரையில் இழுத்து இணைத்தால் விளக்கு எரிகிறது. தவறாக இணைத்தால் தீப்பிடிப்பதுபோல் காட்டுகிறது. நிஜமான கம்பியில் செய்ய அஞ்சும் தவற்றை இதில் நூறு முறை செய்து பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையையும் தனித்தனியே இறக்கி, பென்டிரைவில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துச் செல்லலாம். பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்பதில்லை. தன்னார்வலர்கள் பல சோதனைகளைத் தமிழிலும் பெயர்த்திருக்கிறார்கள்.

முன்னே சொன்ன லிப்ரே ஆபீஸில் கணக்குத் தாள் ஒன்று உண்டு. அதை வெறும் அலுவலகச் சாமான் என்று எண்ணவேண்டா. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 4,047 லிட்டர் தண்ணீரைக் கொட்டுகிறது. பிள்ளைகள் தினமும் மழையளவைக் குறித்துத் தாளில் ஏற்றினால், 25 மில்லிமீட்டர் பெய்த நாளில் தந்தையின் ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்குமேல் விழுந்தது என்பதைத் தாமே கண்டுபிடிப்பார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை நூல் கணக்குப் போடட்டும். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். 40-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம், ஆகவே 33,600 கெஜம். 60-ஆம் நம்பருக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றிப் பார்க்கலாம். கூலிக் கணக்கைத் தானே சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பது எவ்வளவு நல்லது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

படிப்பதற்கு நூல்நிலையம் வேண்டுமல்லவா? 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ‘கிவிக்ஸ்’ என்ற மென்பொருளின் உதவியால் அத்தனையையும் விரல்நக அளவுள்ள ஒரு நினைவக அட்டையில் அடக்கி, இணையமின்றியே படிக்கலாம். பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் தன்னார்வலர்கள் உழைப்பில் வளர்ந்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரமுடையவை என்று சொல்லமாட்டேன். சில மிக நன்று, சில அரைகுறை. குறை கண்டவர் திருத்தலாம் என்பதே அதன் சிறப்பு. நம் ஊர்ப் பயிர்களைப் பற்றியும் தறி வகைகளைப் பற்றியும் எழுதவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

நம் மாநிலப் பாடநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் கட்டம் கட்டமாக ஒரு முத்திரை அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் விளக்கப் படம் திறக்கும். மத்திய அரசின் ‘தீக்ஷா’ செயலி வழியாக அவற்றை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. நல்ல அலை கிடைக்கும் இடத்தில் வாரம் ஒரு முறை யாரேனும் ஒருவர் இறக்கிவந்தால் தெருவுக்கே போதும்.

கேட்ட கேள்விக்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். அவை கெட்டிக்காரக் கருவிகள்தாம். ஆனால் அவற்றுள் பெயர்பெற்றவை இரவல் தறிகளே. தொடர்பு அறுந்தால் வாய் மூடிக்கொள்கின்றன. தவறான விடையையும் சரியான விடையைப்போலவே துணிந்து சொல்கின்றன. விடையைச் சரிபார்க்கத் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் பயன்படுத்தலாம். மேலும், எந்தச் செயலியானாலும் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், எண் ஆகியவற்றைக் கேட்கிறதா என்று பாருங்கள். 2023-ல் இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களைப் பற்றிய விவரங்களைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நம் பேரில் யாரோ கைநாட்டு வைக்க நாம் விடுவோமா?

இவையெல்லாம் சரி, கணிப்பொறிக்கு எங்கே போவது என்பீர்கள். மைக்ரோசாப்டு நிறுவனம் தன் ‘விண்டோஸ் 10’ மென்பொருளுக்குத் தந்துவந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகள் அலுவலகங்களில் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றில் ‘லினக்ஸ்’ என்ற கட்டற்ற இயங்கு மென்பொருளை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கும். செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். மின்சாரம் வேண்டும், விசைப்பலகை பழுதானால் மாற்றவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாலு எழுத்துத் தெரிந்த ஒருவர் பொறுப்பாக அமரவேண்டும்.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கியவர்களுள் நெசவாளர்கள் பலர். மாவும் வெண்ணெயும் விற்ற அக்கடையினர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே வாசகசாலை ஒன்றை அமைத்தார்கள். பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கியும் வைத்தார்கள். நம் சங்கங்களிலும் பொது நன்மைக்கென்று ஒதுக்கும் தொகை உண்டு. சங்க அலுவலகத்தின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு பழைய கணிப்பொறி, மேலே சொன்ன மென்பொருள்கள் அடங்கிய ஒரு பென்டிரைவ், இவ்வளவில் ஆரம்பித்துவிடலாம். ஆனால் கணிப்பொறி அறைகள் பல, சாமான் கெட்டுவிடும் என்ற பயத்தாலேயே பூட்டிக் கிடக்கின்றன. ஆகையால் மாலை 6 மணி முதல் 8 மணி வரை அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும், அவர் வராத நாளில் யார் திறப்பார் என்பதை நிர்வாகக் குழுவில் முதலில் தீர்மானித்து எழுதி வையுங்கள். மேசை நாற்காலி வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.