கொடியைப் பிடுங்கியவர் கேட்ட ஓட்டு

மதுவிலக்கைப் பற்றி மேடையில் முழங்கியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தன் தோட்டத்தில் காய்த்துக் கிடந்த திராட்சைக் கொடியைத் தானே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு மேடையேறியவர்கள் மிகக் குறைவு. வடக்குக் கலிபோர்னியாவில் சிக்கோ என்ற சிற்றூரை உருவாக்கிய விவசாயி ஜான் பிட்வெல் அப்படிப்பட்டவர். 1892-ல் மதுவிலக்குக் கட்சியின் வேட்பாளராக அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். தோற்றார். ஆனால் அந்தக் கட்சி அதற்கு முன்போ பின்போ எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் அவ்வளவு ஓட்டு வாங்கியதில்லை. சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று அதிகம்.

1819-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1841-ல், இருபத்தோரு வயதில், மிசௌரியிலிருந்து தரைவழியே கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய முதல் குடியேறிகள் கூட்டத்தோடு நடந்தார். பாதி வழியில் வண்டிகளைக் கைவிட்டு, மலைகளைக் கடந்து வந்து சேர்ந்தார்கள். 1848-ல் ஃபெதர் ஆற்றங்கரையில் தங்கம் எடுத்தார். அந்தப் பணத்தை நிலத்தில் போட்டார். அவர் வாழ்க்கையின் நல்ல பகுதி அங்கேதான் தொடங்குகிறது. சிக்கோ ஓடையை ஒட்டி 20,000 ஏக்கருக்கு மேல் பண்ணை. கோதுமை, பாதாம், ஆலிவ், பீச், திராட்சை என்று அந்த மண்ணில் எது வருமோ அதையெல்லாம் போட்டுப் பார்த்தார். 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் பண்ணைக் கோதுமைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இடையில் ஒரு தவணை நாடாளுமன்ற உறுப்பினராகவும் வாஷிங்டனில் இருந்தார்.

அங்கேதான் ஆனி கென்னடியைச் சந்தித்தார். 1868-ல் திருமணம். ஆனி தீவிரமான கிறிஸ்தவ பக்தி உள்ளவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றும் மது ஒழிய வேண்டும் என்றும் கடைசிவரை உழைத்தவர். பிட்வெல் பண்ணையில் அதுவரை ஒயின் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தத் திருமணத்தை ஒட்டிய காலத்தில்தான் ஒயின் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கினார். உலர்திராட்சைக்கும் பழமாகத் தின்பதற்கும் ஆன ரகங்களை மட்டும் வைத்துக்கொண்டார். மனைவிக்காகச் செய்தார் என்று பலரும் இதைக் காதல் கதையாக எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் விவசாயக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

திராட்சை நாற்று நட்டு மூன்று நான்கு வருடம் காத்திருந்தால்தான் கையில் காசு பார்க்க முடியும். ஒயின் திராட்சை என்றால் அறுத்த சூட்டோடு பிழியப் போய்விடும். விவசாயியின் கவலை அன்றோடு தீர்ந்தது. உலர்திராட்சை அப்படியில்லை. குலைகளை அறுத்து, தட்டுகளில் பரப்பி, கொடி வரிசைகளுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் வெயிலில் காய வைக்க வேண்டும். நடுவில் திருப்பிப் போட வேண்டும். செப்டம்பரில் எதிர்பாராமல் ஒரு மழை பிடித்தால் தட்டிலேயே பூஞ்சை பிடித்து ஒரு வருட உழைப்பு போய்விடும். குடிக்கக் கூடாது என்று சொல்ல நாக்கு போதும். குடிப்பதற்கான சரக்கை விளைவிக்க மாட்டேன் என்பவன் மழைக்கும் சந்தைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பிட்வெல் மீது எனக்குள்ள மரியாதை முழுக்க இதனால்தான்.

1890-ல் மாநில ஆளுநர் பதவிக்கு மதுவிலக்குக் கட்சி சார்பில் நின்றார். இரண்டு வருடம் கழித்து, 73-வது வயதை எட்டும்போது, சின்சினாட்டி மாநாடு அவரை ஜனாதிபதி வேட்பாளராக்கியது. பெண்களுக்கு வாக்குரிமை என்பதும் கட்சி அறிக்கையில் இருந்தது. அந்தத் தேர்தலில் ஆனிக்கு ஓட்டு கிடையாது. கலிபோர்னியாப் பெண்களுக்கு அது 1911-ல்தான் வந்தது.

அவர் பண்ணை அங்குள்ள மெச்சூப்டா பழங்குடிகளின் உழைப்பில் நின்றது, அவரை அளவுக்கு மீறிப் புகழக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. குடிப்பது தனிமனித விருப்பம் என்ற வாதமும் அன்றே இருந்தது. இரண்டையும் மறுப்பதற்கில்லை. என் கவலை வேறு.

பிட்வெலால் கொடியைப் பிடுங்க முடிந்தது. ஏனென்றால் மிச்ச நிலத்தில் கோதுமை நின்றது, சொந்த மாவு ஆலை ஓடியது. அப்படியும் கடைசிக் காலத்தில் கடன் அவரை நெருக்கியது. ஐந்து ஏக்கர் வைத்திருந்த பக்கத்து விவசாயி என்ன செய்வான்? மது எதிர்ப்பு இயக்கங்கள் குடிப்பவனைத் திருத்தப் பார்த்தன, கடையை மூடப் பார்த்தன. விளைவிப்பவனுக்கு மாற்று என்ன என்ற கேள்வி விடுபட்டது. அதன் பலனை 1920-ல் நாடே பார்த்தது. மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்ததும் கலிபோர்னியாவில் திராட்சைப் பரப்பு குறைந்திருக்க வேண்டும். கூடியது. வீட்டு உபயோகத்துக்கு ஆண்டுக்கு 200 காலன் பழச்சாறு என்று சட்டம் விட்ட இடைவெளியில் ரயில் ரயிலாகத் திராட்சை சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போனது. தூரப் பயணம் தாங்கும் தடித்த தோல் என்பதற்காக அலிகாண்ட் என்ற ரகத்துக்கு மவுசு. நல்ல ஒயின் ரகங்களை வெட்டிவிட்டு அதை ஒட்டுக் கட்டினார்கள். பிறகு விளைச்சல் மிஞ்சி விலை விழுந்தது. அடி வாங்கியது மறுபடியும் விவசாயிதான். 1933-ல் சட்டமே போய்விட்டது.

இதையெல்லாம் பார்க்க பிட்வெல் இல்லை. 1900 ஏப்ரலில், எண்பது வயதில், பண்ணையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். கடனை அடைக்க ஆனி நிலத்தை விற்றார். அப்படியும் 1905-ல் ஓடைக்கரைக் காட்டை நகரத்துக்குப் பூங்காவாகக் கொடுத்தார். அங்கே மது விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தார். அவரும் 1918-ல் காலமானார்.

மதுவிலக்குக்காகப் பேசுபவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. கடையை மூடும் தேதியைக் கேட்டு வாங்கும் அதே மனுவில், அந்தக் கடைக்காக விளைந்த நிலத்தில் அடுத்த பருவம் என்ன போடுவது, அதை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பதையும் எழுதுங்கள். நிலத்தில் இறங்கி நிற்பவனிடம் கேட்டு எழுதுங்கள்.