இரண்டும் 350 தானே?

ராஜ்தூத் ஆர்.டி.350-யும் பழைய புல்லட்டும் ஒரே 350 தானே, அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு ஹாஸ்டலில் தினமும் சண்டை.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் புல்லட்டில் ஒரே ஒரு பவர் ஸ்ட்ரோக். ஆர்.டி.யோ 2 ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர். அதே இரண்டு சுற்றில் நான்கு! அதனால்தான் புல்லட்டின் 18 குதிரைத்திறனுக்கு எதிரே, 1983-ல் வந்த ஆர்.டி. 30.5 காட்டியது.

ஆனால் அந்த சக்தி ஆர்.பி.எம். ஏறினால்தான் வரும். ஆர்.டி.யின் ஸ்ட்ரோக் 54 மி.மீ., புல்லட்டுக்கு 90. நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல். ஆளும் மூட்டையுமா ஏறினாலும் மெதுவாகவே இழுக்கும்.

மாமா ஷெட்டில் இரண்டும் இருக்கு. டிப்ளமா முடிச்சா ஒண்ணு உனக்குங்கிறார். மனசு ஆர்.டி. பக்கம்தான். ஆனா வாரம் இரண்டு தடவை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டர் கூட்டிப் போகணும். புல்லட் சாவியைத்தான் கேட்டிருக்கேன்.