ஆப் அப்புறம் கட்டலாம், முதல்ல ஆர்டர் வாங்குங்க

போன மாசம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாவது வருஷப் பசங்களுக்கு ரெண்டு சனிக்கிழமை வகுப்பு எடுத்தேன். தலைப்பு, டிஜிட்டல் தொழில்முனைவு. உள்ள போனதும் முதல் கேள்வி: "அண்ணா, ஃப்ளட்டர்ல பண்றதா, ரியாக்ட் நேட்டிவ்ல பண்றதா?" சரி, என்ன விக்கப் போறீங்கன்னு கேட்டேன். அது இன்னும் முடிவாகலையாம்.

சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. காலேஜ் படிக்கும்போது நாங்க நாலு பேர் சேர்ந்து ஹாஸ்டல் பசங்களோட துணியைத் துவைச்சுத் தர ஒரு ஆப் கட்டினோம். ஏழு மாச வேலை. லாகின், ரேட்டிங், டார்க் மோட் எல்லாம் இருந்துச்சு. துணி குடுக்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் வாரக் கடைசியில அழுக்குத் துணியை மூட்டை கட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. இது எங்களுக்குத் தெரியாதான்னா, நாங்களும் அதைத்தான் பண்ணிட்டு இருந்தோம்!

இதுக்கு மருந்து மாதிரி ஒரு வகுப்பை ஸ்டீவ் பிளாங்க் 2011-ல ஸ்டான்ஃபோர்டுல ஆரம்பிச்சார். பேர், லீன் லான்ச்பேட். அழகா பிசினஸ் பிளான் எழுதி மார்க் வாங்குற கதை அங்க கிடையாது. மாணவர்கள் வெளிய போய் வாடிக்கையாளர்கள்கிட்ட பேசணும், என்ன தெரிஞ்சுதுன்னு வாராவாரம் வந்து சொல்லணும். அதே வருஷம் அமெரிக்காவோட தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஐ-கார்ப்ஸ் திட்டத்துக்கு இந்த முறையை எடுத்துக்கிச்சு. அங்க ஒரு டீம் 100 பேரைச் சந்திக்கணும்.

நான் 100 எல்லாம் கேக்கலை. ரெண்டு சனிக்கிழமைக்கு நடுவுல பத்து பேர், அவ்வளவுதான். ஒரே ஒரு விதி: "இப்படி ஒண்ணு வந்தா யூஸ் பண்ணுவீங்களா?"ன்னு கேக்கக் கூடாது. நம்ம ஊர்ல முகத்துக்கு நேரா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. "கண்டிப்பா தம்பி, நல்லா பண்ணுங்க"ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வைப்பாங்க. அதனால நடந்து முடிஞ்சதைக் கேளுங்க. கடைசியா எப்ப இந்தத் தொந்தரவு வந்துச்சு? அப்ப என்ன பண்ணீங்க? எவ்வளவு செலவாச்சு? காசோ நேரமோ எதுவுமே செலவாகலைன்னா, அதுக்கு நீங்க தீர்வு வித்தாலும் வாங்க மாட்டாங்க.

ரெண்டாவது சனிக்கிழமைதான் விஷயம் சூடு பிடிச்சுது. ஒரு மாணவி ஏற்கெனவே இன்ஸ்டாகிராம்ல பிரிண்ட் போட்ட டி-ஷர்ட் விக்கிறாங்க. "மாசம் 40 ஆர்டர் வருதுண்ணா. ஆனா அம்மாகிட்ட வாங்கின 20,000 கரைஞ்சுகிட்டே இருக்கு. எங்க போகுதுன்னே தெரியலை."

எல்லாரும் பாக்குற மாதிரி ஒரு ஷீட்டைத் திறந்தோம். விலை 399 ரூபாய். துணியும் பிரிண்டும் 220. கூரியர் 60. பேமெண்ட் கேட்வே 2 சதவீதம், அந்தக் கட்டணத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 9 ரூபாய் 42 காசு. மிச்சம் 109 ரூபாய் 58 காசு. "லாபம்தானே அண்ணா?" பொறுங்க. விளம்பரத்துக்கு 500 ரூபாய் போட்டா நாலு ஆர்டர் வருது. அப்போ ஒரு ஆர்டருக்கு 125. ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் 15 ரூபாய்க்கு மேல கையை விட்டுப் போகுது. நிறைய வித்தா நிறைய நஷ்டம்!

இதுல ஆர்டிஓ வேற. லைசென்ஸ் எடுக்குற ஆர்டிஓ இல்லைங்க. கேஷ் ஆன் டெலிவரியில ஆர்டர் போட்டுட்டு, பார்சல் வரும்போது ஃபோன் எடுக்காம விடுறாங்க இல்லையா, அப்படித் திரும்பி வர்ற பார்சலுக்கு இந்தத் தொழில்ல அதுதான் பேர். போக 60, வர 60, விளம்பரம் 125. ஒண்ணுக்கு 245 காலி. அவங்களுக்கு 40-ல 10 திரும்புது. மீதி 30 பேரும் ஆன்லைன்ல காசு கட்டினதா வெச்சுக்கிட்டாலே, மாசம் கிட்டத்தட்ட 2,900 ரூபாய் நஷ்டம்.

வகுப்பே அமைதியாயிடுச்சு. ஃப்ளட்டர் கேட்ட பையன்தான் வாயைத் திறந்தான்: "நம்ம சிம்போசியத்துக்கு டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் எப்படியும் வெளிய தானே அடிக்கிறோம்?" 320-க்குக் குடுத்தாலும் ஒண்ணுக்கு 100 நிக்கும். கூரியர் இல்லை, விளம்பரம் இல்லை, ரிட்டர்ன் இல்லை. பாதிப் பணம் முன்பணமா வாங்கிட்டா அம்மா காசையும் தொட வேண்டாம். இதுக்கு ஆப் தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு கூகுள் ஃபார்ம் போதும்.

போன வாரம் அவங்க மெசேஜ் பண்ணாங்க. 45 டி-ஷர்ட்டுக்கு முன்பணம் வந்துடுச்சாம். ஃபார்ம்ல சைஸ் கேக்கத்தான் மறந்துட்டாங்களாம். இப்ப 45 பேருக்கும் ஃபோன் போட்டுக் கேட்டுட்டு இருக்காங்க.