அஞ்ஞானி யார்?

சென்ற வாரம் எம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய கிறிஸ்தவ நூலொன்றைக் கொணர்ந்து, அதிலிருந்த ‘அஞ்ஞானிகள்’ என்னுஞ் சொல்லைச் சுட்டி, “சேர், இது எங்களையோ சொல்லுது?” என்று வினவினான். அவன் சைவப் பிள்ளை. அருகிருந்த தோழனோ கத்தோலிக்கன். அவன் தலைகுனிந்து கொண்டான். இருவரும் கரம்பொன்னிலே அடுத்தடுத்த வளவுகளில் வளர்பவர்கள். அவர்களுக்கு நாம் கூறிய விடையையே ஈண்டு வாசகர்க்குங் கூறுகின்றோம்.

இச்சொல்லுக்கு நேராக ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேகன்’ என்பது ‘பாகானுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நாட்டுப்புறத்தான் என்பதே அதன் பழம் பொருள். உரோமப் பேரரசின் நகரத்தார் கிறிஸ்தவரான பின்னும் நாட்டுப்புறத்தார் பழந்தெய்வங்களைக் கைவிடாமையால் இப்பெயர் பெற்றனர் என்பர் சிலர். படைவீரனல்லாதவனையும் அது குறித்தமையால், கிறிஸ்துவின் படையிற் சேராதவன் என்னுங் கருத்தில் வழங்கிற்று என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அது ஒரு சமயத்தின் பெயரன்று. உள்ளே நின்றவர் வெளியே நின்றவர்க்கு இட்ட பெயர். அதற்கு முன்னரோ, தம் தெய்வங்களை வணங்காத கிறிஸ்தவரை உரோமர் ‘தெய்வமிலிகள்’ என இகழ்ந்தனர்!

பிற்கால ஐரோப்பியர் மாந்தரைக் கிறிஸ்தவர், யூதர், இஸ்லாமியர், ஏனையோர் என நால்வகைப்படுத்தினர். சைவர், வைணவர், பௌத்தர் யாவரும் அந்த ‘ஏனையோர்’ என்னும் ஒரே மூடையிற் கட்டப்பட்டனர். 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலே சீகன்பால்க் அச்சிட்ட தமிழ்ச் சிறுநூலின் பெயரே ‘அக்கியானம்’ என்பது. அறியாமைக்கு நம் முன்னோர் வழங்கிய சொல்லே நமக்குப் பட்டமாயிற்று.

ஆயினும் யாழ்ப்பாணத்து வரலாறு ஒன்றை மறத்தலாகாது. 1658இல் தொடங்கிய ஒல்லாந்தர் ஆட்சியிலே சைவ வழிபாட்டுடன் கத்தோலிக்க வழிபாடுந் தடுக்கப்பட்டது. 1687இல் இலங்கை வந்த யோசேவாஸ் அடிகளார் இரவலர் கோலத்திலே மறைந்து பணியாற்ற நேர்ந்தது. இன்று வேலிக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்வோரின் முன்னோர் இருவருமே அன்று புறத்தார்.

நாமும் குற்றமற்றவர் அல்லேம். பௌத்தரையுஞ் சமணரையும் புறப்புறச் சமயத்தார் என நம் சித்தாந்த நூலார் வகுத்தனர். ஆனால் நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே மண்ணில் நிற்கின்றன. கொள்கையை மறுத்தல் வேறு. கொண்டவனை அறிவிலி எனல் வேறு. முன்னையது வாதம், பின்னையது வசை.

1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களிலுள்ள உண்மையையுந் தூய்மையையும் திருச்சபை தள்ளுவதில்லை என அறிவித்தது. அதற்கு முன்பே, 1913இல் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகளார், கத்தோலிக்கத் துறவியாயிருந்தும், கிறிஸ்துவை அறியாத சங்கப் புலவர்களின் பெருமையை உலகெங்கும் எடுத்துரைக்கத் தொடங்கிவிட்டார். அவர்களை அவர் அஞ்ஞானிகளென ஒதுக்கவில்லை.

சைவசித்தாந்தம் ஆணவமாகிய அறியாமை எல்லா உயிரையும் பற்றியிருப்பதாகக் கூறுகின்றது. அதில் இன்ன குலம், இன்ன கோயில் என்னும் விலக்கில்லை. ஆகவே அம்மாணவனுக்கு நாம், “ஓம் தம்பி, எங்களையுந்தான் சொல்லுது, ஆனால் எங்களை மட்டுமில்லை” என்றோம். தலைகுனிந்திருந்த தோழன் நிமிர்ந்து சிரித்தான். மாலையில் இருவரும் ஒரே சைக்கிளில் வீடு சென்றனர்.